கிழிகாதனும் தழும்பனும்

1

யாங்கூனில், அதாவது நம் பழைய ரங்கூனில், நான் தங்கியிருப்பதற்கான பதிவுப் புத்தகத்தை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கால் நூற்றாண்டாக இதைச் செய்து வருகிறேன். திருப்பூரிலிருந்து வந்த முதல் வருடம் அந்த அலுவலகத்தின் படி ஏறுவதற்குள் தாள்களை மூன்று முறை சரிபார்த்தேன். இப்போது அங்கே எந்த மின்விசிறி ஓடும், எது சும்மா தொங்கும் என்பதுவரை எனக்கு அத்துப்படி. ஓடுகிற விசிறிக்குக் கீழே போய் முதலில் இடம் பிடித்துவிடுவேன்.

இந்த முறை மேசையில் புதிதாக ஒரு பெண் அதிகாரி. என் மகன் வயதுதான் இருக்கும். புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். ‘அடையாளம்: இடது புருவத்தின் மேல் மச்சம்’ என்று அதில் எழுதியிருக்கிறது. மச்சத்தைக் காணவில்லையே என்றார். வயது ஏற ஏறப் புருவ முடி தாறுமாறாக வளர்ந்து மச்சத்தை மூடியிருந்தது. விரலால் முடியை ஒதுக்கிக் காட்டினேன். அவர் எழுந்து, குனிந்து, நன்றாகப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் முத்திரை குத்தினார்.

வெளியே தேநீர்க் கடையில் உட்கார்ந்தபோது, ஒரே ஒரு மச்சத்தை நம்பி ஓர் ஆளை இன்னார் என்று முடிவுகட்டுகிறார்களே என்று சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. போன குளிர்காலத்தில் ஒரு மான் விஷயத்தில் நானும் இதையேதான் செய்தேன். என் மகன் என்னிடம் கேட்டுக்கொண்ட ஒரே ஒரு காரியத்தை அதனால் நானே கெடுத்திருப்பேன். நூலிழையில் தப்பினேன். அதைத்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

யாங்கூனின் ஓரத்தில் லைங் தாயாவில் ஒரு தையல் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவனுக்கு வேட்டை நிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பெண்டாட்டி வழியில் வந்தது. மீனாவின் அப்பா வழி ஆட்கள் நான்கு தலைமுறையாக இந்த ஊரில் இருப்பவர்கள். அவள் அம்மா பர்மியப் பெண். வீட்டில் அவள் மீனா, அரசாங்க அட்டையில் மா மீ மீ. ஒரே அலமாரியில் முருகன் படமும் புத்தர் சிலையும் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே பூ.

என் மாமனார் அலோனில் கப்பல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு, நகரத்துக்கு வடக்கே பெகு மலைகளின் அடிவாரம் தொடங்குகிற பக்கம், யாரோ கைவிட்டுப் போன ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கினார். ரப்பர் பாதி, மூங்கில் பாதி, நடுவே ஓர் ஓடை. ரப்பர் பால் எடுக்க வாங்கியதாகத்தான் வீட்டில் சொன்னார். அவர் வேட்டைக்காக வாங்கினார் என்பது மாமியாருக்கு அன்றைக்கே தெரியும்.

அங்கே இருப்பது ஆட்டைவிடக் கொஞ்சம் உயரமான, சிவந்த, சின்னக் கொம்புள்ள மான். பர்மியர்கள் ஜீ என்கிறார்கள். நம் பக்கத்து மலைக்காரர்கள் கேளையாடு என்பார்கள். பயந்தால் நாய் மாதிரி குரைக்கும். முதல் தடவை கேட்டபோது நான் நாய் என்று நினைத்துக் கையில் கல்லை எடுத்துவிட்டேன். அதை வைத்து இன்றைக்கும் என்னைக் கேலி செய்கிறார்கள்.

மாமனார் போன பிறகு நிலம் மச்சான் மணியின் பொறுப்பு. மீனாவின் அண்ணன். தாகேதாவில் வீடு, வீட்டு வாசலிலேயே படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை. துப்பாக்கியை அவரும் எல்லோரையும்போல எப்போதோ காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டார். இப்போது கையில் இருப்பது தூலே. துப்பாக்கிக் கட்டை மாதிரி ஒரு கட்டையில் வில்லைப் பூட்டியிருக்கும், தோளில் வைத்து விசையைத் தட்டினால் அம்பு பாயும். வருடத்துக்கு ஒரே ஒரு கிடா, அதாவது ஆண் மான், அதுவும் மாமனாரின் நினைவு நாளுக்கு. அந்தக் கறி உறவுக்காரர்களுக்கு மட்டும்தான். வீட்டுக்கு வரும் பிக்குகளுக்குச் சந்தையில் வாங்கிய மீன். தங்களுக்கென்று கொன்றதை அவர்கள் தொட மாட்டார்கள்.

அந்த ஒரு கிடாவை எடுக்கவும் இந்த வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். குளிர் தொடங்கியதும், நிலத்துக்குப் போய்வருகிற எல்லோரும் மச்சான் வீட்டில் கூட வேண்டும். நிலத்தில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மானாகச் சொல்ல வேண்டும். காது எப்படி, கொம்பு எப்படி, எங்கே தழும்பு, எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும். ஒருவர் சொல்வதை மற்றவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அது கணக்கில் சேரும். கிடாக்கள் மூன்றுக்குக் குறைந்தால் அந்த வருடம் வில்லைத் தொடுவதில்லை, நினைவு நாளுக்குக் கோழிதான். மூன்று இருந்தாலும் எதை எடுப்பது என்று அங்கேயே பெயர் சொல்லி முடிவாகிவிடும். வேறொன்று எதிரே வந்து நின்றாலும் விட்டுவிட வேண்டும். புதிதாக வந்த எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. மான் மான்தானே என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். மச்சான் சிரிக்கவில்லை.

“யாருன்னு தெரியாம அடிச்சா அது களவு மாப்ளே. நம்ம நெலத்துல நம்மளே களவாங்கலாமா?” என்றார்.

3

என் மகன் பெயர் சரவணன். அட்டையில் மின் தூ. நான் தமிழில் கேட்பேன், அவன் பர்மிய மொழியில் பதில் சொல்வான். அப்படியே இருபது வருடம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்புக்குக் கொஞ்ச நாள் போனான். பிறகு கால்பந்து வந்தது, தமிழ் போனது. குற்றம் அவனுடையது என்று சொல்ல மாட்டேன். என் பர்மிய மொழி ஆலையில் கற்றது. தைக்கச் சொல்லவும் பிரித்துத் திரும்பத் தைக்கச் சொல்லவும் அது தாராளமாகப் போதும், மகனிடம் மனசுவிட்டுப் பேச அது போதவில்லை.

அவனும் நானும் சேர்ந்து சந்தோஷமாக இருந்த இடம் அந்த நிலம்தான். அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு மழைக்காலத்தில், வலது காது கிழிந்து தொங்கிய மான்குட்டி ஒன்றை ஓடைக்கரையில் அவன்தான் முதலில் பார்த்தான். நாய் கடித்திருக்கலாம். பிழைக்காது என்றார் மச்சான். பிழைத்தது. அதற்குக் கிழிகாதன் என்று பெயர் வைத்தவனும் அவன்தான். அவன் வாயிலிருந்து நான் கேட்ட நல்ல தமிழ் வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

இரண்டு வருடங்களுக்கு முன் அவன் பினாங்குக்குப் போனான், குளிர்பதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கும் கடையில் வேலை. பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் இந்த ஊரில் இருபது வயதுப் பையன் கிளம்புகிறான் என்றால் ஏன் என்று இப்போது யாரும் கேட்பதில்லை, எப்போது என்றுதான் கேட்கிறார்கள். விமான நிலையத்தில் மீனா அழுதாள். நான் அவன் பெட்டியின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். அவன் என் பக்கம் திரும்பி, வார்த்தைகளைத் தேடித் தேடி, தமிழில் சொன்னான்: “அப்பா, கிழிகாதன்... நான் வர வரைக்கும்... மாமா எடுக்கக் கூடாது.”

எடுக்க விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை.

நான் அப்பாவை விட்டுவிட்டு வந்தபோது அவருக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னேன், மாதம் ஒன்றாகிப் பிறகு பொங்கலுக்கு ஒன்றானது. ஆகவே சரவணன் போனில் அதிகம் பேசவில்லை என்று நான் குறைப்பட்டுக்கொள்ள முடியாது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். வேலை எப்படி, பரவாயில்லை. அப்போதும் பதில் பர்மிய மொழியில்தான். முகம் பார்த்துப் பேசலாம் என்றால் இங்கே இணையம் பாதி வார்த்தையில் உறைந்துபோகும், அவன் வாயைத் திறந்தபடி திரையில் நிற்பான். மீனா அந்த உறைந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள்.

4

அவன் போன பிறகுதான் மரத்தில் கட்டும் கேமரா ஒன்றை வாங்கினேன். எதிரே ஏதாவது உயிர் நடந்தால் தானாகவே அடுத்தடுத்து மூன்று படம் எடுக்கும். ஓடைக்கு இறங்கும் தடத்தில் கட்டினேன். போன வருட மழை முடிந்ததும் இரண்டாவது ஒன்றை வாங்கி, ஓடையிலிருந்து மூங்கில் வழியாக மேலே ஏறும் தடத்தில் கட்டினேன். ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிளில் போய், பேட்டரி மாற்றி, படங்கள் பதிவான அட்டையைக் கழற்றிக்கொண்டு வருவேன். திங்கட்கிழமை ஆலையின் இணையத்தில், அதில் உள்ளதை எல்லாம் அப்படியே சரவணனுக்கு அனுப்பிவிடுவேன். மான், பன்றி, காட்டுக்கோழி, காற்றில் ஆடும் இலை எல்லாம் சேர்ந்தே போகும். பொறுக்கி எடுக்க எனக்கு நேரமில்லை. அவனிடமிருந்து பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வரும். சில வாரம் அதுவும் வராது. பார்க்கிறானோ இல்லையோ என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். அதைப் புரிந்துகொள்ள நீங்கள் ஒரு சட்டையை எடுத்துப் பார்க்க வேண்டும். முன்பக்கம் இடது ஒன்று, வலது ஒன்று. வெட்டும்போதே அவை தனித்தனித் துண்டுகள், தனித்தனிக் கட்டு, தனித்தனி எண்ணிக்கை. திருப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வலது கட்டில் இடது துண்டு ஒன்றைச் சேர்த்துவிட்டேன் என்று என் மேற்பார்வையாளர் அத்தனை பேர் முன்னிலையிலும் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். மதியம் சாப்பாடு இறங்கவில்லை. அன்றைக்கு மண்டையில் ஏறியது இன்னும் இறங்கவில்லை. எனக்கு இடது என்றால் ஒன்று, வலது என்றால் இன்னொன்று.

ஓடைக்கு இறங்கும் தடத்துக் கேமராவில் மான்களின் வலது பக்கம் மட்டுமே விழும். அதில் கிழிகாதன் அடிக்கடி வந்தான். மூங்கில் தடத்துக் கேமராவில் இடது பக்கம் மட்டுமே விழும். அதில் ஒரு கிடா வந்தது, இடது தொடையில் மயிர் முளைக்காத நீளத் தழும்போடு. அதற்குத் தழும்பன் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. ஒரு கொம்பு பாதியில் முறிந்த கிழட்டுக் கிடா ஒன்று முன்பே உண்டு. ஆக மூன்று கிடாக்கள்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. இறங்குவது ஒரு தடம், ஏறுவது ஒரு தடம் என்று நானே கட்டிய கேமராக்கள். ஒரே உடம்பின் இரண்டு பக்கத்தைத்தான் காட்டுகின்றன என்பது, நாள் முழுக்க இடதையும் வலதையும் சேர்த்துத் தைத்துச் சட்டையாக்கும் இடத்தில் இருப்பவனுக்குத் தோன்றவே இல்லை.

5

மாமனார் காலத்தில் கணக்குச் சொல்லும் நாளில் மச்சான் வீட்டுக் கூடம் நிறைந்திருக்குமாம். போன குளிரில் கூடியது மூன்று பேர்: மச்சான், நான், நிலத்தின் ஓரத்தில் குடியிருந்து அதைப் பார்த்துக்கொள்ளும் கோ துன். மற்றவர்கள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள்.

நான் படங்களை வரிசையாகக் காட்டினேன். மச்சானுக்குத் தழும்பன் மேல் சந்தேகம். இப்படி ஒருத்தனைத் தான் பார்த்ததே இல்லை என்றார். கோ துன் ஒருநாள் அந்தியில் தொடையில் தழும்போடு ஒன்று மேலே ஏறிப் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். வெளியிலிருந்து புதிதாக வந்திருக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். ஆலையில் நான் சரி என்று சொன்னால் பெட்டி கப்பலேறிவிடும். அந்தத் தோரணை என்னிடம் வீட்டிலும் கொஞ்சம் உண்டு என்பாள் மீனா. மச்சான் தலையாட்டினார். மூன்று கிடாக்கள், எடுப்பது தழும்பனை என்று முடிவானது. கிழவனை அவன் பாட்டுக்கு விடலாம். கிழிகாதன் சரவணனுடையவன். என் வாக்கையும் காப்பாற்றி, வீட்டுக்குக் கறிக்கும் வழி செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே நிறைவு.

அன்று மாலையே நிலத்துக்குக் கிளம்பினோம். வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தியபோது, கிழிகாதன், தழும்பன் இருவரின் நல்ல படங்களையும் சரவணனுக்கு அனுப்பினேன். உன் ஆளுக்கு ஆபத்தில்லை, நாளைக் காலையில் தழும்பனை எடுக்கிறோம் என்று எழுதினேன். படங்கள் மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்தன. பதில் வருவதற்குள் இணையம் போய்விட்டது.

6

நிலத்தில் போன் எடுக்காது. பழைய ரப்பர் காயப்போடும் கொட்டகை இருக்கும் மேட்டில் மட்டும் எப்போதாவது எடுக்கும். விடிவதற்கு முன்பே மச்சான் மூங்கில் தடத்தோரம் மறைவில் போய் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கூட வைத்துக்கொள்வதில்லை. உட்காரும்போதும் எழும்போதும் என் முழங்கால் போடும் சத்தத்தில் மான் அடுத்த ஊருக்கு ஓடிவிடும் என்பார். அதனால் நான் மேட்டில், கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கீழே பனி கலைந்து மூங்கிலின் நுனி தெரிய ஆரம்பித்தபோது, சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நிற்காமல் அதிர்ந்தது. இரவில் அனுப்பியதெல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது. எல்லாம் சரவணனின் குரல் பதிவுகள். ஒன்றைத் திறந்து காதில் வைத்தேன்.

“அப்பா, ரெண்டும் ஒரே மான்தான்பா. தழும்பன்னு நீங்க சொல்றது கிழிகாதன்தான். நடையப் பாருங்க. ரெண்டு படத்துலயும் இடது பின்னங்காலு எட்டி வைக்கல, பாதியிலயே ஊனுது. நெத்தியில கறுப்புக் கோடு ஒரே எடத்துல அறுந்திருக்கு. மாமாகிட்ட சொல்லுங்க. போன் எடுக்கலேன்னா ஓடிப் போயி சொல்லுங்க.”

அவன் தமிழில் பேசுகிறான் என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னங்கால் அப்படித்தான் இருந்தது. நெற்றிக்கோடு அப்படித்தான் இருந்தது. வலது பக்கம் ஒரு துண்டு, இடது பக்கம் ஒரு துண்டு, சட்டை ஒன்று.

ஓட எழுந்தேன், வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. இறங்கிப் போய்ச் சேர நேரமும் இல்லை, அது கிழிகாதன் மேலே ஏறும் நேரம். இருந்த இடத்திலேயே நின்று அடித்தொண்டையில் கத்தினேன்: “மச்சான், அடிக்காதீங்க!”

கீழே ஒரு குரைப்பு. மூங்கில் சரசரத்தது. பிறகு ஒன்றுமில்லை.

அந்தச் சரிவில் நான் எப்படி இறங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை. தடத்தில் ரத்தம் கிடக்குமோ என்று பார்த்துக்கொண்டே போனேன். மச்சான் மறைவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அம்பு வில்லிலேயே இருந்தது. ஒரு காலைப் பொழுதையும் ஒரு வருடத்து வேட்டையையும் கெடுத்தவனை அவர் திட்டியிருக்க வேண்டும். திட்டவில்லை.

“ஒங்க சத்தத்துக்கு அப்படியே சுத்திருச்சு மாப்ளே,” என்றார். “மொதல்ல தழும்பு தெரிஞ்சிச்சு. திரும்புனதும் காது தெரிஞ்சிச்சு. ரெண்டு பக்கமும் என் கண்ணால பாத்துட்டேன். நம்ம பய மானு.”

அம்பைக் கழற்றினார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். சொன்னேன். பினாங்கிலிருந்தா என்று திரும்பக் கேட்டார். போனில் இருந்த பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார், இன்னொரு முறை போடச் சொன்னார்.

“இவன் எப்ப இப்படித் தமிழ் பேசக் கத்துக்கிட்டான்?”

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. பாதையோரம் கிடந்த மரத்தில் உட்கார்ந்து அழுதேன். மச்சான் தடத்தைப் பார்த்தபடி நின்றார்.

7

நினைவு நாளுக்குக் கோழிதான். உறவுக்காரர் ஒருவர் மான்கறி எங்கே என்று கேட்டதற்கு, கிடா இரண்டுதான் இருக்கிறது, கணக்குத் தப்பிவிட்டது என்று மச்சான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். தப்பியது யாருடைய கணக்கு என்று சொல்லவில்லை. நானே சொன்னேன். அடுத்த குளிரில் சரவணன் போனில் வந்து கணக்குச் சொல்வான், அவன் ஒப்பாமல் எதையும் எடுப்பதில்லை என்பதும் அன்றைக்கே முடிவானது. ‘கெய்ஸ மஷிபூ’, அதாவது பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டு கோ துன் மூன்றாவது முறையாகக் கோழிக் குழம்பு வாங்கினார்.

மாலையில் சரவணன் கூப்பிட்டான். அதிசயமாக அன்று இணையம் உறையவில்லை. தமிழ் எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். கடையில் முதலாளி, அவர் மனைவி, கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறார்களாம், பர்மிய மொழி பேச ஆளே இல்லையாம். யாங்கூனில் நான் இருபது வருடம் முட்டிமோதியும் ஆகாத காரியம், பினாங்கில் யாரோ ஒரு முதலாளியம்மா அதட்டி வேலை வாங்கியதில் ஆகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

எப்படியடா கண்டுபிடித்தாய் என்றேன். நான் அனுப்பிய எல்லாப் படங்களையும் வைத்திருக்கிறானாம். இலை ஆடுகிற படத்தைக்கூட அழிக்கவில்லையாம். வேலை முடிந்து படுக்கும்போது அதைத்தான் பார்ப்பானாம். கட்டைவிரலைத் தவிர என்ன எழுதுவது என்று தெரியாததால் எழுதவில்லையாம். பிறகு சொன்னான்.

“நீங்களும் அதுல இருக்கீங்கப்பா. பேட்டரி மாத்த வரும்போது ஒங்களையும் எடுத்துருது. மழைக்கு முன்னாடி நேரா நடந்து வருவீங்க. இப்ப மரத்தப் புடிச்சுக்கிட்டுத்தான் குனியிறீங்க. வலது முழங்காலு ஊனவே மாட்டேங்குது. கைலியும் முன்னவிட இறுக்கிச் சுத்திக் கட்டுறீங்க, எளச்சுட்டீங்க. டாக்டர்கிட்ட போங்கப்பா.”

மீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கால் என்ன, ஏன் மெலிகிறீர்கள் என்று அவள் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்று நான் மழுப்பிக்கொண்டிருந்தேன். என் மகன் என்னைப் பார்ப்பதே இல்லை என்று நினைத்திருந்தேன். அவன் வாராவாரம் என் நடையைப் பார்த்திருக்கிறான். சரிடா, போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அந்த வாரமே போனேன். முழங்கால் தேய்மானம், அதோடு சர்க்கரை. ஆரம்பம்தான், மாத்திரையில் கட்டுக்குள் வந்துவிடும் என்றார் மருத்துவர். வந்துகொண்டிருக்கிறது.

அன்று போனை என்னிடமிருந்து மீனா பிடுங்கிக்கொண்டாள். “எம் படம் ஒண்ணுகூட இல்லியா?” என்று கேட்டாள்.

“நீங்கதான் நெலத்துக்கு வர்றதே இல்லியேம்மா,” என்றான்.

போனில்தான் உன் முகம் பார்க்கிறானே என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் எழுவதற்கு முன்பே குளித்து, கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசி, விசேஷங்களுக்கு மட்டும் உடுத்தும் பச்சைத் தமெய்ன் கைலியைக் கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் அருகில் நின்றாள். அட்டைகளும் பேட்டரிகளும் இருக்கும் பையை அவளே மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் புழுதி. நிலத்துக்குப் போனதும் ஓடையில் முகத்தைக் கழுவிவிட்டு மறுபடி தனகா பூசினாள்.

கேமராக்கள் இரண்டையும் நான் இப்போது ஒரே தடத்தில் எதிரெதிராகக் கட்டியிருக்கிறேன். எங்கே நிற்க வேண்டும் என்று மீனா கேட்டாள். நிற்க வேண்டாம், நடந்தால் போதும் என்றேன். நடக்கும்போது கேமராவைப் பார்க்கலாமா என்றாள். எந்த மானும் அதைப் பார்ப்பதில்லை என்றேன். நீங்கள் ஓரமாகப் போங்கள், படத்தில் விழுந்துவிடாதீர்கள் என்று என்னை மூங்கிலுக்குப் பின்னால் விரட்டினாள். பிறகு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு மரங்களுக்கும் நடுவே, கோயில் பிரகாரத்தில் நடப்பதுபோல மெதுவாக நடந்து போனாள். அந்தப் பக்கம் போய் நின்று, போதுமா என்று கேட்டாள். இன்னொரு முறை வா என்றேன்.